பறவைக் காலும் ஏரி ஆழமும்

நம் வளாகத்துத் தமிழ் மாணவர்களிடம் தடாவைப் பற்றிப் பேச்செடுத்தால், "அருவியில் குளித்துவிட்டு வந்தோமே!" என்பார்கள். அவர்கள் குளித்த அருவி தடாவில் இல்லை. அது வரதய்யபாளையத்துப் பக்கம் மலைக்குள் இருக்கும் உப்பலமடுகு. சென்னையிலிருந்து தடா வழியாக வருவோர் அதைத் தடா அருவி என்றழைக்க, அப்பெயரே நிலைத்துவிட்டது. உண்மையான தடா, தமிழ்நாட்டின் ஆரம்பாக்கத்தைத் தாண்டி எல்லையைக் கடந்ததும் நெடுஞ்சாலையில் வரும் ஊர். 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆகவே திருப்பதியில் படிக்கும் நாம் அதை நம் மாவட்டத்து ஊர் என்று உரிமை கொண்டாடலாம். ஊருக்கு மேற்கே மலை. கிழக்கே பழவேற்காட்டு ஏரி. மேற்கே மட்டும் போய்த் திரும்பிய நண்பர்களைக் கிழக்கேயும் அழைத்துச் செல்ல எண்ணியே இதை எழுதுகிறேன். எழுதுபவன் விலங்கியல் மாணவன். ஆதலால் பாடமும் கொஞ்சம் கலந்திருக்கும். பொறுத்துக்கொள்க.

தமிழில் தடா என்றால் அகன்ற வாயுடைய பெரும்பானை. ஆண்டாள் திருமாலிருஞ்சோலை அழகருக்கு வெண்ணெயும் அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டது தடாக் கணக்கில்தான். ஊர்ப்பெயருக்கும் அந்தப் பானைக்கும் உறவு கற்பிக்க நான் வரவில்லை. ஊரை ஒட்டிக் கிடக்கும் ஏரி பானையைப் போன்றதன்று என்று சொல்லவே பானையை எடுத்தேன். ஏரி ஒரு தாம்பாளம். நீளம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் 17 கிலோமீட்டர் வரை. ஆழமோ சராசரியாக ஒரு மீட்டரளவே. இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய காயல் இது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்கோடி தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா என்னும் மணல்தீவு வரப்பைப் போல நீண்டு கிடக்கிறது. தெற்கே ஆரணியாறும் நடுவே காளங்கியும் வந்து விழுகின்றன. வடக்கே சுவர்ணமுகியின் நீரும் சேர்கிறது. சுவர்ணமுகி என்றால் யாரோ என்று எண்ண வேண்டா. திருக்காளத்திக் கோயிலை ஒட்டி ஓடும் நம் பொன்முகலிதான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இத்தாம்பாளம் நிரம்பும். அப்பொழுது நீர் ஏறக்குறைய நன்னீர். தை, மாசியில் நீர் வற்றத் தொடங்கும். வைகாசியில் பல இடங்கள் வெடித்த சேறாகிவிடும். எஞ்சிய நீரில் கடல்நீரைவிடக் கூடுதலாக உப்பு நிற்கும். ஓராண்டுக்குள் நன்னீர், உவர்நீர், உப்புநீர் என்று மூன்று ஏரிகளை ஒரே இடத்தில் பார்க்கலாம் எனின் மிகையாகாது.

ஆழமில்லாத ஏரியில் நீர்மட்டம் சிறிது மாறினாலும் விளைவு பெரிது. ஒரு கணக்குப் போடுவோம். ஏரியின் தரை, நூறு மீட்டர் தூரத்துக்குப் பத்து சென்டிமீட்டர் வீதம் சரிகிறது என்று வைத்துக்கொள்க. நீர்மட்டம் பத்து சென்டிமீட்டர் தாழ்ந்தால் கரை நூறு மீட்டர் உள்ளே போய்விடும். சரிவு அதிலும் பாதியானால் இருநூறு மீட்டர். கிணற்றில் பத்து சென்டிமீட்டர் குறைந்தால் யாரும் கவனிப்பதில்லை. இங்கே அதே பத்து சென்டிமீட்டர் பல்லாயிரம் உயிர்களின் சாப்பாட்டு இடத்தை மாற்றிவிடும். ஏனெனில் நீரில் நடந்து இரை தேடும் பறவை ஒவ்வொன்றும் தன் காலின் நீளத்துக்கும் அலகின் நீளத்துக்கும் கட்டுப்பட்டது. கால் எட்டும் ஆழத்தில்தான் நிற்க முடியும். அலகு எட்டும் ஆழத்தில்தான் உண்ண முடியும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தால், பறவைக் கூட்டம் ஆழத்தைக் காட்டும் படமாகத் தெரியும். நான் சொல்ல வந்த பாடம் இவ்வளவே. மற்றவை அதற்கு உதாரணங்கள்.

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் நானும் என் வகுப்புத் தோழர் ஒருவரும் பீமுலவாரிபாலெம் படகுத் துறையில் நின்றோம். தோழருக்குத் தடாவே சொந்த ஊர். இரவு அவர் வீட்டில் தங்கினேன். அவர் தாயார் என்னிடம் தமிழிலும் மகனிடம் தெலுங்கிலும் பேசி, இருவருக்கும் ஒரே தட்டில் இட்லி வைத்தார். துறையிலிருந்து இருக்கம் தீவுக்குப் படகு போகும்.

தடா ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. ஆகவே காலையில் சூரியன் நேராக நம் கண்ணில் அடிக்கும். பறவை பார்க்கப் புதிதாக வருவோர் இதனால் சலித்துக்கொள்வார்கள். புத்தகத்தில் கண்ட நிறம் ஒன்றுகூடத் தெரியாது. எல்லாம் கரிய நிழலுருக்கள். எனக்கோ அது வாய்ப்பாகத் தோன்றியது. நிறம் மறைந்தால் கண் வேறு வழியின்றிக் காலையும் அலகையும் பார்க்கும். பறவையின் தொழிலைச் சொல்பவை அவைதாம்.

கரையோரத்து ஈரச் சேற்றில் உப்புக்கொத்திகள் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தன. என்ன அழகான பெயர் பாருங்கள்! அவற்றின் அருகில், நீர் விரல்நுனியை நனைக்கும் இடத்தில் கொசு உள்ளான்கள். கைக்குள் அடங்கும் இப்பறவை முப்பது கிராம் எடைகூட இராது. வடதுருவத்தை ஒட்டிய சைபீரியத் தரையில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து தைமாதச் சேற்றைக் கிளறுகிறது. சற்று உள்ளே பவளக்காலி. அதற்கும் உள்ளே நெடுங்கால் உள்ளானும் கருவால் மூக்கனும். கருவால் மூக்கன் தன் நீண்ட நேரான அலகை அடிவரை சேற்றில் செருகுவது தையல் ஊசி துணியில் இறங்குவதைப் போலிருந்தது. பிறகு கரண்டிவாயன்கள். தட்டையான அலகைத் திறந்து நீருக்குள் இடமும் வலமும் வீசிக்கொண்டு, வரிசையாக, வயலில் கதிர் அறுப்போரைப் போல முன்னேறின. எல்லாவற்றுக்கும் அப்பால், கால்மேல் கால் நட்டாற்போல் உயர்ந்து, பூநாரைகள். அவற்றையும் தாண்டி நீந்தும் கூட்டம்: ஊசிவால் வாத்து, நீர்க்காகம், கூழைக்கடா. காலை நம்பாதவர்களின் இடம் அது.

படகோட்டியைத் தோழர் "அண்ணா" என்றார். நானும் அண்ணா என்றேன். இரு மொழிக்கும் பொதுவாக வாய்த்த உறவுச் சொல். அவரிடம், பூநாரைகளுக்குக் கொஞ்சம் அருகில் போகலாமா என்று கேட்டேன். கையிலிருந்த கழியை நீரில் ஊன்றிப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

"பட்சி நிக்கிற எடத்துல படகு ஓடாது தம்பி. படகு ஓடுற எடத்துல பட்சி நிக்காது."

அரை மணி நேரமாக நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்ததை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஏரி மக்கள் ஆழத்தை மீட்டரில் சொல்வதில்லை. முழங்கால், தொடை, இடுப்பு, மார்பு என்பவையே அவர்கள் அளவை. தம் உடம்பையே அளவுகோலாகக் கொண்டு ஏரியை அறிந்தவர்கள். பறவைகளும் அப்படியே.

பூநாரை உண்ணும் முறையைத் தனியே சொல்ல வேண்டும். வளர்ந்த பறவை ஒன்றரை மீட்டர் உயரம் வரை நிற்கும். அதில் பெரும்பங்கு காலும் கழுத்துமே. தலையைத் தொங்கவிட்டு அலகைத் தலைகீழாக நீரில் வைத்து உண்ணும். நம் மேல்தாடை அசைவதில்லை. அதன் மேலலகும் அசையும். அலகின் உள்விளிம்பில் சீப்புப் பற்களைப் போன்ற மென்தகடுகள் உண்டு. தடித்த நாக்கு, பிச்சாங்குழலின் தண்டைப் போல முன்னும் பின்னும் ஓடி நீரை இழுத்து வெளித்தள்ளும். நீர் போய்விடும், நுண்ணிய இறாலினமும் பாசியும் விதையும் சீப்பில் தங்கிவிடும். பெனலோப்பி ஜென்கின் என்னும் ஆங்கிலப் பெண் விஞ்ஞானி 1957-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். பெரிய பூநாரையின் நாக்கு நொடிக்கு நான்கைந்து முறை இயங்கும். சிறு பூநாரையின் நாக்கோ இருபது முறை வரை இயங்கும். பெரியதன் சீப்பு பருவெட்டானது, சிறியதன் சீப்பு நுண்ணியது. ஆகையால் இரண்டும் ஒரே நீரில் நின்றாலும் ஒன்றின் இரையை மற்றொன்று அவ்வளவாகத் தொடுவதில்லை.

கதை அத்தோடு முடியவில்லை. 2025-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர், சிலி நாட்டுப் பூநாரைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியை வெளியிட்டனர். பூநாரை வெறும் வடிகட்டி அன்று. நீரில் சுழல்களை உண்டாக்கி இரையைத் தன் வாய்க்கு வரவழைக்கிறது என்பது அவர்கள் கண்டது. கால்களால் மிதித்துச் சேற்றைக் கலக்குகிறது. தலையை வெடுக்கென மேலே இழுத்து நீருக்குள் சிறு சூறாவளி எழுப்புகிறது. அலகை விரைந்து மூடித் திறந்து அச்சுழலில் சிக்கியவற்றை அள்ளுகிறது. தடாவில் நாங்கள் பார்த்த பறவைகள் ஓரிடத்தில் நின்று மிதித்து மிதித்து வட்டமாகத் திரும்பின. எங்கள் ஊரில் பானை செய்யும் மண்ணை இப்படித்தான் மிதிப்பார்கள். ஆகவே பூநாரைக்கு நீர் மட்டும் போதாது. நீருக்கடியில் கால் எட்டும் சேறும் வேண்டும். நீர் ஆழமானாலும் கெட்டது, வற்றினாலும் கெட்டது.

எங்கள் ஊர் என்றேன். நான் வேதாரணியத்துப் பக்கம் பிறந்தவன். தந்தையார் உப்பளத்தில் வேலை செய்தவர். பாத்தியில் நீர் முற்றி உப்பாகும் தறுவாயில் செந்நிறம் படரும். சிறுவயதில் அதை யாரோ சாயம் கலந்தது என்றே நினைத்திருந்தேன். மிகுந்த உப்பிலும் வாழும் நுண்ணுயிர்களும் பாசியும் தம் உடலில் வைத்திருக்கும் கரோட்டினாய்டு நிறமி அது. கேரட்டுக்கு நிறம் தரும் பொருளின் இனம். அப்பாசியையும் அதைத் தின்ற சிற்றுயிர்களையும் தின்பதால்தான் பூநாரைக்கும் நிறம் வருகிறது. குஞ்சாக இருக்கையில் அது சாம்பல் வெள்ளை. சில ஆண்டுகள் தின்று தின்றுதான் சிவக்கிறது. காட்சிச்சாலையில் நிறமி இல்லாத தீனி போட்டால் வெளுத்துவிடும். பூநாரையின் இறகு, அது உண்ட நீர்நிலைகளின் கணக்கேடு எனலாம்.

இங்கே அது முட்டையிட வருவதில்லை, உண்ண வருகிறது. நம் நாட்டில் அதன் பெரும் கூட்டில்லம் கட்சு ரண்ணில் இருக்கிறது. சாலிம் அலி 1945-இல் அந்த உப்புவெளியில் போய் அதைக் கண்டு எழுதினார். வலசை என்னும் சொல்லை இன்று பறவைக்கே பெரிதும் வழங்குகிறோம். முன்பு ஊரைவிட்டுக் குடிபெயர்ந்து போன மக்களைத்தான் வலசை போனார்கள் என்றார்கள். திருப்பதி விடுதியில் இருந்துகொண்டு அச்சொல்லை எழுதும்போது சற்றே சிரிப்பு வருகிறது.

தெலுங்கில் பூநாரையை ராஜஹம்ச என்கிறார்கள். தோழர் அப்பெயரைச் சொன்னதும், "நம் அன்னம் இதுதானா?" என்று கேட்கத் தோன்றும். அவசரப்பட வேண்டா. பழம்பெயரைப் புதுப்பறவையின் தலையில் கட்டுவதில் நம்மவர்க்கு ஆசை அதிகம். சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்குத் தூதனுப்பிய செங்கால் நாரையைப் பூநாரை என்று எழுதினவர்களைப் படித்திருக்கிறேன். அப்பாட்டில் வரும் அலகு நேராகக் கூம்பியது. பூநாரையின் அலகோ நடுவில் உடைந்தாற்போல் வளைந்தது. சிவந்த காலும் சிவந்த நேரலகும் உடையது, குளிர்காலத்தில் தெற்கே வந்து வடக்கே திரும்பும் வெண்ணாரை. அலகைப் பார்த்தால் தீர்கிற வழக்கு இது. புலவர் பார்த்து எழுதியிருக்கிறார். பின்வந்தோர் பாராமல் உரை சொல்லியிருக்கின்றனர்.

இனி, எண்ணும் முறை. கூட்டமாக நிற்கும் பறவையை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்தை எண்ணுக. அந்தப் பத்து, பைனாகுலர் வட்டத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனத்தில் பதித்துக்கொள்க. அதைப் பத்து மடங்காக்கி நூறின் அளவைக் காண்க. பிறகு நூறு நூறாக அளந்து செல்க. இருவர் தனித்தனியே, ஒருவர் எண்ணை மற்றவர் கேளாமல், எண்ண வேண்டும். இடமிருந்து வலமாக ஒரு முறை, வலமிருந்து இடமாக ஒரு முறை. வேறுபாடு வந்தே தீரும். இரண்டையும் எழுதி வைப்பதுதான் நேர்மை. காலை எண்ணி இரண்டால் வகுக்கலாமே என்று ஒரு கணித மாணவர் என்னிடம் சொன்னார். அவருக்கு விடை: பூநாரை பாதி நேரம் ஒற்றைக் காலில் நிற்கும். அப்படி நிற்பது அதற்குத் தவமுமன்று, துன்பமுமன்று. ஒற்றைக் காலில் நிற்கையில் மூட்டுகள் தாமே பூட்டிக்கொள்வதுபோல் நிலைப்பதால் தசைக்கு வேலை மிகக் குறைவு என்று 2017-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் காட்டினர்.

மற்றொன்று. எந்தக் காரணத்துக்காகவும் கூட்டத்தைக் கலைக்கக் கூடாது. பூநாரை எழும்ப வேண்டுமானால் நீர்மேல் பல அடி ஓடி வேகம் பிடிக்க வேண்டும். நமக்கு ஒரு நல்ல படம். அதற்கு ஒரு வேளைச் சோறு.

எட்டு மணிக்குப் படகை விட்டு இறங்கிப் பேருந்தில் சூலூர்ப்பேட்டைக்குப் போனோம். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே சாலை போகிறது. வழியில் அட்டகானிதிப்பவில் நின்று பார்க்கலாம். பாடத்தின் கடினமான பகுதி இங்கேதான் இருக்கிறது.

1969-இல் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபர் 9-இல் அங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. தீவுக்கு வழி வேண்டும் என்று ஏரியில் மண்கரை எழுப்பிச் சாலை போட்டார்கள். தாம்பாளத்தின் குறுக்கே ஒரு சுவர். சில இடங்களில் மட்டும் மதகுகள். தெற்குப் பாதிக்குப் பழவேற்காட்டு ஊருக்கருகே கடலோடு முகத்துவாரம் உண்டு. வடபாதிக்குக் கடல் வாய்களாக இருந்த இடங்கள் மணலால் தூர்ந்துவிட்டன. தெற்கே வரும் கடல்நீர் சாலையைத் தாண்டி வடக்கே தாராளமாகப் போக வழியில்லை. சாலையில் நின்று கிழக்கு நோக்கினால் வலக்கைப் பக்கம் நீர். அதில் நடக்கும் நாரைகள், நீந்தும் வாத்துகள். இடக்கைப் பக்கம், மழைக்காலம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை, அதற்குள் மெல்லிய நீர்த்தகடும் அதற்கப்பால் காய்ந்து வெளுத்த தரையும். அங்கே நின்றவை பெரும்பாலும் உப்புக்கொத்திகளும் உள்ளான்களுமே. குறுங்கால் கூட்டம். காலையில் கரையிலிருந்து படகு வரை நாங்கள் படித்த வரிசையைச் சாலை இரண்டாக வெட்டி, நெடுங்காலை ஒரு புறமும் குறுங்காலை ஒரு புறமும் வைத்திருந்தது.

இதைக் கேட்டு, "ராக்கெட் வேண்டாம் என்கிறாயா?" என்று யாரும் என்மேல் பாய வேண்டா. 2023 ஜூலை 14-இல் சந்திரயான்-3 எழுந்தபோது விடுதித் தொலைக்காட்சியின் முன் கத்தியவர்களில் நானும் ஒருவன். குறை முழுவதையும் சாலையின் தலையில் போடுவதும் விஞ்ஞானமாகாது. ஆறுகள் கொண்டுவரும் வண்டல் இருக்கிறது. கடலோர மணல் ஓட்டம் இருக்கிறது. ஆனால் சாலை மனிதன் போட்டது. மதகுகளைப் பெருக்குவதும் தூர்ந்த வாய்களைத் திறப்பதும் மனிதனால் ஆகும். நிலவுக்கு வழி தெரிந்த நாட்டுக்கு நாற்பது அடி மதகு பெரிய காரியமன்று. ஏவுதளத்துக்கு 2002-இல் சதீஷ் தவான் பெயர் சூட்டினார்கள். விண்வெளித் துறையை 1972 முதல் 1984 வரை நடத்திய அவர், விமானவியல் அறிஞர். பறவைகள் பறப்பதன் இயக்கத்தைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். அந்தப் பெயரைத் தாங்கிய வாயிலுக்குப் போகும் சாலை இது.

முகத்துவாரம் மூடினால் பறவைக்கு மட்டுமா நட்டம்? இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சு காயலுக்குள் வந்து வளர்ந்து கடலுக்குத் திரும்பும். வாசல் அடைபட்டால் குஞ்சு வராது. குஞ்சு வராத இடத்தில் வலை போட்டுப் பயன் என்ன? தென்பகுதி மீனவர்கள் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்பதைப் பாடு என்னும் முறையால் தமக்குள் பகிர்ந்துகொண்டு வந்தவர்கள். நீர் சுருங்கச் சுருங்கப் பகிர்வதற்கு இடமும் சுருங்கும். படகோட்டி அண்ணாவின் மூத்த மகன் மீன் பிடிப்பதை விட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போகிறானாம். பாதி வருத்தமாகவும் பாதி நிம்மதியாகவும் சொன்னார்.

சூலூர்ப்பேட்டையில் 2001 முதல் பூநாரைத் திருவிழா நடக்கிறது. நடுவில் சில ஆண்டுகள் நின்று 2025 ஜனவரியில் மீண்டும் நடந்தது. பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிவந்து பறவை காட்டுவது நல்ல காரியம். ஒலிபெருக்கியைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. பூநாரைகளைக் கேட்டால் சொல்லும்.

வெயில் ஏறியது. கூழைக்கடாக்கள் சூடான காற்றோட்டத்தில் வட்டமிட்டு உயர்ந்து, சிறகசைக்காமல் வடக்கு நோக்கி வழுக்கிக்கொண்டு போயின. போகும் இடம் நேலப்பட்டு. சூலூர்ப்பேட்டைக்கு வடக்கே, ஏரியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ள சிற்றேரி, 1976-இல் சரணாலயமாயிற்று. பரப்பு 459 எக்டேர் அளவே. அதன் நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூழைக்கடா கூடு கட்டுகிறது. நத்தைகுத்தி நாரையும் வெள்ளை அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் உடன் குடியிருக்கின்றன. தாய் தந்தையர் பழவேற்காட்டில் மீன் பிடித்துத் தொண்டைப் பையில் கொண்டுவர, குஞ்சு அந்த வாய்க்குள் தலையை நுழைத்து உண்ணும். பார்க்கக் கொஞ்சம் பயமாகவே இருக்கும். கூடு ஓரிடம், அடுப்பு ஓரிடம். நேலப்பட்டை மட்டும் வேலிபோட்டுக் காத்தால் போதாது என்பது இதனால் விளங்கும். ஏரியில் மீன் குறைந்தால் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கடம்ப மரத்தில் குஞ்சு பட்டினி கிடக்கும்.

நெல்லூர் நாட்டுப் பறவைகளை முதலில் விஞ்ஞான முறையில் எழுதியவர்களில் ஒருவர் டாக்டர் ஜெர்டன். 1840-களில் நெல்லூரில் அரசு மருத்துவராக இருந்தார். இப்பக்கத்து யானாதிய மக்களிடம் கேட்டுக் கேட்டுப் பறவைகளின் பெயரும் பழக்கமும் அறிந்துகொண்டார். ஜெர்டன் பெயரால் இன்று ஒரு பறவையே வழங்குகிறது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர் எந்தப் பறவைக்கும் இல்லை. படகோட்டியின் இரண்டு வாக்கியத்தை மேலே முழுதாக எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு நாள் பார்த்துவிட்டு ஏரி வற்றுகிறது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், பல ஆண்டுகள் எடுத்த குறிப்பு வேண்டும். 1987 முதல் ஆசிய நாடுகளில் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவை எண்ணுகிறார்கள். எண்ணியதை ஈபேர்ட் என்னும் பொதுக் கணக்கேட்டில் யாரும் கைப்பேசியாலேயே பதியலாம். ஆனால் அந்த ஏடு எத்தனை பறவை என்று கேட்குமே ஒழிய, எந்த ஆழத்தில் நின்றது என்று கேட்காது. அதை நாமே குறிக்க வேண்டும்.

நானும் தோழரும் வைத்துக்கொண்ட முறை இது. சூலூர்ப்பேட்டைச் சாலையில் ஐந்து கிலோமீட்டர்க் கற்களைத் தேர்ந்தோம். ஒவ்வொரு கல்லிலும் பதினைந்து நிமிடம் நிற்பது. வடபுறம், தென்புறம் என்று இரு பத்தி. சாலையிலிருந்து முதல் உப்புக்கொத்தி, முதல் கருவால் மூக்கன், முதல் பூநாரை எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன. நீர் அவற்றின் காலில் எதுவரை இருக்கிறது, விரலா, முட்டியா, தொடையா. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. துறையிலிருந்து ஒரு பழைய பைனாகுலர் இரவல் கிடைத்திருக்கிறது. தை முடிந்துவிட்டது, மாசி, பங்குனி, சித்திரை எடுத்தாக வேண்டும். தமிழ் பயிலும் நண்பர் ஒருவர் வந்தால் பெயர்களைச் சரிபார்க்க உதவும்; கணக்கு மாணவர் ஒருவர் வந்தால் காலை எண்ணட்டும்.

மாசி முதல் ஞாயிறு. விடுதி வாயிலிலிருந்து சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் புறப்படுவோம். நாயுடுபேட்டை வழியாகப் பேருந்து. இரவு தடாவில் தோழர் வீட்டுத் திண்ணையில் படுக்கை. கொசுவலை அவரவர் கொண்டுவர வேண்டும். வெள்ளைச் சட்டை வேண்டா. இப்போதைக்கு மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.